துடைப்பத்தோடு வந்த டிடெக்டிவ்... அகதா கிறிஸ்டியும் அவர் கவனித்த பணிப்பெண்களும்!

நீங்க தர்மபுரிப் பக்கத்து ஆளா இருந்தா இது நல்லாத் தெரிஞ்சிருக்கும். பென்னாகரம், பாலக்கோடு, அரூர்னு சுத்துவட்டாரத்துல இருந்து பெங்களூருக்கும் ஓசூருக்கும் பிழைக்கப் போன குடும்பங்கள் எக்கச்சக்கம். ஆண்கள் கட்டட வேலைக்கு, பெண்கள் வீட்டு வேலைக்கு. உங்க அத்தையோ, பெரியம்மாவோ, பக்கத்து வீட்டு அக்காவோ இப்பகூட அங்க நாலு வீடு மாத்தி மாத்திப் பாத்திரம் கழுவிக்கிட்டு இருக்கலாம்.

அவங்க பொங்கலுக்கு ஊருக்கு வர்றப்ப உட்கார்ந்து பேசிப் பாருங்க. எந்த ஃபிளாட்ல புருஷனும் பொண்டாட்டியும் பேசிக்கிறதில்லை, எந்த வீட்டுப் பையன் அப்பா சட்டைப் பையில கை வைக்கிறான், யாருக்குத் தெரியாம யார் மாத்திரை சாப்பிடுறாங்க... எல்லாம் அவங்களுக்குத் தெரியும். குப்பைக்கூடையைக் கொட்டுறவங்களுக்கும், துணி துவைக்கிறதுக்கு முன்னாடி பாக்கெட்டைத் தடவிப் பார்க்கிறவங்களுக்கும் ஒரு வீட்டைப் பத்தித் தெரியாதது என்ன இருக்க முடியும்? ஆனா அந்த வீட்டுல யாரும் அவங்ககிட்ட எதையும் கேட்க மாட்டாங்க. ஒரு மோதிரம் காணாமப்போனா மட்டும் முதல் கேள்வி அவங்களுக்குத்தான்.

இந்த விஷயத்தைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டுக் கதை எழுதினவர் ஒருத்தர் இருக்கார். இங்கிலாந்துல பிறந்த அகதா கிறிஸ்டி. 66 துப்பறியும் நாவல்கள், 200 கோடிப் பிரதிகளுக்கும் மேல விற்பனை, லண்டன்ல 1952-ல தொடங்கி இன்னிக்கும் ஓடுற 'தி மவுஸ்டிராப்' நாடகம்னு அவரைப் பத்தின புள்ளிவிவரம் எல்லாம் கூகுள்லயே கிடைக்கும். நாம பார்க்கப்போறது வேற ஒரு அகதாவை. வீட்டு வேலை செய்றவங்களை உத்துப் பார்த்த அகதாவை.

நம்ம ஊர் கிரைம் நாவல் ஹீரோக்களை ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க. சுஜாதாவின் கணேஷ் - வசந்த், ராஜேஷ்குமாரின் விவேக், சுபாவின் நரேந்திரன் - வைஜயந்தி, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் - சுசீலா, தமிழ்வாணனின் சங்கர்லால். வக்கீல் இருக்காங்க, போலீஸ் இருக்காங்க, பிரைவேட் டிடெக்டிவ் இருக்காங்க. வீட்டு வேலைக்கு வர்ற அக்கா? இந்த வரிசையில அவங்களைக் காணோம். அகதாவும் லேசுல அவங்களை டிடெக்டிவ் ஆக்கிடலை. அதுக்கு அவருக்கு 67 வயசு ஆக வேண்டியிருந்தது.

(கதைகளைப் பத்திப் பேசப்போறோம். கொலைகாரன் யாருன்னு எங்கயும் சொல்லலை, தைரியமாப் படிங்க.)

அகதா பிறந்தது 1890 செப்டம்பர் 15. இங்கிலாந்தின் தெற்குக் கடலோரத்துல இருக்கும் டார்க்கி என்ற ஊர். அப்பா ஃபிரெடெரிக் மில்லர் அமெரிக்கர். வேலைக்குப் போக அவசியமில்லாத அளவுக்குச் சொத்து. அக்கா, அண்ணன் ரெண்டு பேரும் வயசுல ரொம்பப் பெரியவங்க. அதனால ஆஷ்ஃபீல்ட் என்ற அந்தப் பெரிய வீட்டுல சின்னப் பொண்ணு அகதாவுக்குத் துணை யார்? வளர்த்த ஆயாவும், சமையல்கார ஜேனும், மத்த பணிப்பெண்களும்தான்.

அம்மா கிளாராவுக்கு ஒரு விநோத நம்பிக்கை. எட்டு வயசு வரைக்கும் குழந்தை படிக்கக் கத்துக்கக் கூடாது, கண்ணுக்கும் மூளைக்கும் நல்லதில்லைனு. அகதா விடலை. கதைப் புத்தகத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டு, எழுத்துகளை அடையாளம் பிடிச்சு, அஞ்சு வயசு வாக்கிலேயே தானாவே படிக்க ஆரம்பிச்சிட்டார். இந்தக் குட்டை உடைச்சு அம்மாகிட்ட வருத்தத்தோட சொன்னது யாருன்னு நினைக்கிறீங்க? அந்த ஆயாதான். வீட்டுல நடக்குறது முதல்ல தெரியுறது அவங்களுக்குத்தானே!

பிற்காலத்துல எழுதின சுயசரிதையில ஜேனைப் பத்தி அகதா விரிவாவே எழுதியிருக்கார். தினமும் ஏழெட்டுப் பேருக்கு அஞ்சு வகை உணவு வரிசையா வர்ற டின்னரை, எந்தப் பதற்றமும் இல்லாமச் சமைச்சு முடிக்கிறவர் அந்த அம்மா. விருந்துன்னா இன்னும் அதிகம். அகதா அவங்களைப் பார்த்தது பாவப்பட்ட ஜனங்களா இல்லை. தொழில் தெரிஞ்சவங்களா, தன் வேலையில கர்வம் உள்ளவங்களாத்தான் பார்த்தார். எஜமானி வீட்டுப் பொண்ணோட பார்வைதான் இது, அதை மறந்துடக் கூடாது. அந்த அஞ்சு வகைச் சமையலுக்குப் பின்னாடி இருந்த இடுப்பு வலி ஜேனுக்குத்தான் தெரியும்.

1901-ல அப்பா இறந்துட்டார். அகதாவுக்கு 11 வயசு. சொத்து ஏற்கெனவே கரைஞ்சு போயிருந்தது. வேலையாட்களைக் குறைச்சுக்கிட்டு, வீட்டை விக்கலாமா வேண்டாமான்னு யோசிச்சு யோசிச்சு அம்மாவும் பொண்ணும் நாளைத் தள்ளினாங்க.

முதல் உலகப்போர் வந்தது. 1914 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஆர்ச்சி கிறிஸ்டி என்ற விமானப்படை அதிகாரியோட கல்யாணம். ஆர்ச்சி போர்முனையில இருந்த காலத்துல, அகதா டார்க்கி ஆஸ்பத்திரியில தொண்டு நர்ஸா வேலை பார்த்தார். கட்டுப் போடுறது மட்டுமில்லை, தரை துடைக்கிறது, ரத்தக்கறையைக் கழுவுறதுன்னு எல்லாமே செஞ்சார். பெல் அடிச்சா ஆள் வர்ற வீட்டுல வளர்ந்த பொண்ணு, முதல் தடவையா பெல் சத்தத்துக்கு ஓடுற ஆள் ஆனது இங்கதான். அப்புறம் மருந்தகத்துக்கு மாத்தினாங்க. எந்த விஷம், எவ்வளவு, எத்தனை நேரத்துல வேலை செய்யும் என்ற பாடம் அங்க கிடைச்சது. அதுதான் பின்னால அவருக்குச் சோறு போட்டது. ஹெர்க்யூல் பாய்ரோ வர்ற முதல் நாவலை 1916-ல எழுதினார். பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. கடைசியா 1920-ல வெளியாகி அவர் கைக்கு வந்த பணம் 25 பவுண்டு.

1926. இந்த வருஷத்துக்குக் கொஞ்சம் நின்னு போகணும்.

ஏப்ரல்ல அம்மா இறந்தாங்க. ஆஷ்ஃபீல்ட் வீடு முழுக்க பழைய சாமான். அகதா அங்கேயே தங்கி மாசக்கணக்கா அறை அறையா ஒதுக்கினார். தூக்கம் இல்லை, சாப்பாடு சரியில்லை. ஒருநாள் செக்ல கையெழுத்துப் போடப் போனவருக்குத் தன் பேரே ஞாபகம் வரலை. வேற ஏதோ ஒரு பேரை எழுதிட்டார். இந்த நேரத்துலதான் ஆர்ச்சி வந்து, தனக்கு நான்சி நீல் என்ற பெண்ணோட காதல், விவாகரத்து வேணும்னு சொன்னார்.

டிசம்பர் 3 ராத்திரி அகதா காரை எடுத்துக்கிட்டு வீட்டை விட்டுக் கிளம்பினார். மறுநாள் காலையில சர்ரே மலைச்சரிவு ஒண்ணுல கார் மட்டும் கிடைச்சது. உள்ளே அவரோட கோட் இருந்தது. ஆள் இல்லை. 11 நாள் இங்கிலாந்தே தேடினது. ஆயிரத்துக்கும் மேல போலீஸ், பல்லாயிரம் பொதுமக்கள், குளத்துல வலை, வானத்துல விமானம். ஷெர்லாக் ஹோம்ஸை உருவாக்கின கோனன் டாயில் என்ன செஞ்சார் தெரியுமா? அகதாவோட கையுறை ஒண்ணை ஆவியோட பேசுறதாச் சொன்ன ஒருத்தர்கிட்ட கொடுத்துக் குறி கேட்டார். கணவர் மேலயே கொலைச் சந்தேகம் பாய்ஞ்சது.

அகதா எங்க இருந்தார்? வடக்குல ஹாரோகேட் என்ற ஊர்ல ஒரு ஹோட்டல்ல. பதிவேட்டுல கொடுத்த பேர் தெரசா நீல். ஆமா, கணவரோட காதலியின் அதே குடும்பப் பேர். பகல்ல பேப்பர் படிச்சார், ராத்திரி பாட்டு கேட்டார். அவர் படிச்ச பேப்பர்லயே முதல் பக்கத்துல அவர் போட்டோ.

ஹோட்டல் பேண்டுல வாசிச்ச ரெண்டு பேர்தான் போலீசுக்குத் தகவல் கொடுத்தாங்கன்னு வரலாறு சொல்லும். ஆனா அங்க அறையைச் சுத்தம் செஞ்ச இளம்பெண் ஒருத்தர், அவங்களுக்கும் முன்னாடியே இது யாருன்னு கண்டுபிடிச்சிட்டதா பின்னாள்ல சொல்லியிருக்கார். அறைக்குள்ள இருந்த பொருட்களையும் பேப்பர்ல வந்த விவரத்தையும் ஒட்டிப் பார்த்திருக்கார். அப்போ ஏன் வாயைத் திறக்கலை? விருந்தாளியைப் பத்தி வெளியே பேசினா வேலை போயிடும். அவ்வளவுதான். ஆயிரம் போலீசும், கோனன் டாயிலும் திணறின கேஸ், படுக்கை விரிக்க வந்த ஒரு பொண்ணோட தொண்டைக்குள்ளேயே நின்னு போச்சு.

அந்த 11 நாளைப் பத்தி அகதா தன் சுயசரிதையில ஒரு வரிகூட எழுதலை. மறதி நோய், பழிவாங்கல், விளம்பரம்னு ஊர் ஆயிரம் பேசினது. அதுல எனக்கு ஆர்வமில்லை. ஆனா அதுக்கப்புறம் அவர் எழுதின நாவல்கள்ல ஒரு உருவம் திரும்பத் திரும்ப வருது. ஏதோ ஒண்ணைப் பார்த்துட்டு, சொல்லணும்னு தவிச்சு, சொல்ல முடியாமப்போற பணிப்பெண்.

1942-ல வந்த 'தி மூவிங் ஃபிங்கர்' நாவல்ல ஆக்னஸ் என்ற பொண்ணு வர்றா. மொட்டைக் கடிதங்கள் பரவுற கிராமம். ஆக்னஸ் மனசை ஏதோ ஒரு விஷயம் உறுத்துது. முன்னாடி தன்னை வேலைக்குப் பழக்கின மூத்த பணிப்பெண்ணுக்கு போன் பண்ணி, வந்து பார்க்கலாமான்னு கேட்கிறா. வேலைக்காரங்க எஜமானர் வீட்டு போனைத் தொடுறதே தப்புன்னு நினைக்கிற காலம் அது. அந்த அம்மா கூச்சத்தோட வீட்டுக்காரங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் அவளை டீக்குக் கூப்பிடுறாங்க. ஆக்னஸ் வரவே இல்லை. அவ உடல் கிடைச்சது மாடிப்படிக்குக் கீழே இருந்த அலமாரியில.

1953-ல 'எ பாக்கெட் ஃபுல் ஆஃப் ரை'. இதுல கிளாடிஸ். அநாதை இல்லத்துல இருந்து வந்த பொண்ணு. வீட்டு வேலை கத்துக்கொடுத்தது நம்ம மிஸ் மார்ப்பிள் பாட்டி. துணி காயப்போடுற கொடிக்குப் பக்கத்துல கிளாடிஸைக் கழுத்தை நெரிச்சுக் கொன்னுட்டு, மூக்குல துணி கிளிப்பை மாட்டிட்டுப் போயிருக்கான் ஒருத்தன். அந்த வீட்டுல பணக்காரங்களும் செத்திருக்காங்க. ஆனா மிஸ் மார்ப்பிள் ரயில் பிடிச்சு வர்றது பணக்காரங்களுக்காக இல்லை. கிளாடிஸுக்குன்னு கேட்க வேற நாதியில்லை என்பதுக்காக. எப்பவும் ஸ்வெட்டர் பின்னிக்கிட்டு சாந்தமா இருக்கிற பாட்டி நிஜமாவே கோபப்படுற நாவல் இது. கொலையை விட அந்தக் கிளிப்தான் அவருக்குப் பொறுக்கலை. செத்தவளுக்கு அந்த மரியாதைகூடவா கிடையாது என்ற கோபம்.

இதுக்கு முந்தின வருஷம் வந்த 'மிஸஸ் மெக்கின்ட்டீஸ் டெட்' இன்னும் ஒரு படி மேல. மெக்கின்ட்டி அம்மா நாலஞ்சு வீடுகள்ல கூட்டித் துடைக்கிற கிழவி. கொல்லப்படுறாங்க. சேமிச்சு வெச்சிருந்த கொஞ்சம் பணத்துக்காக, வாடகைக்கு இருந்த பையனே கொன்னுட்டான்னு கோர்ட்டு தூக்குத் தண்டனை கொடுத்துடுது. ஒரு வேலைக்காரக் கிழவியைக் கொல்ல அதைத் தவிர வேற என்ன காரணம் இருக்கும்னு எல்லாரும் நினைக்கிறாங்க. பாய்ரோ வந்து விசாரிக்கிறப்ப ஒரு சின்ன விஷயம் தட்டுப்படுது. சாகுறதுக்கு முன்னாடி அந்த அம்மா கடையில ஒரு மை பாட்டில் வாங்கியிருக்காங்க. வழக்கமா கடிதமே எழுதாதவங்க மை எதுக்கு வாங்கணும்? பேப்பர்ல வந்த ஒரு பழைய போட்டோவை, தான் வேலை பார்க்கிற வீடு ஒண்ணுல பார்த்ததா அவங்களுக்கு ஞாபகம் வந்திருக்கு. அதைப் பத்திரிகைக்கு எழுதியிருக்காங்க. உண்மையில பாய்ரோவுக்கு முன்னாடி அந்த ரகசியத்தைத் தொட்டது மெக்கின்ட்டி அம்மாதான். உயிரோட விடலை, அவ்வளவுதான்.

அகதா இவங்களை எல்லாம் நல்லாவே நடத்தினார்னு சொல்ல மாட்டேன். அவர் கதைகள்ல வர்ற இளம் பணிப்பெண்கள் நிறையப் பேர் மூக்கடைப்போட, வாயைப் பிளந்துக்கிட்டு, மந்தமா இருப்பாங்க. அந்த வர்க்கத்துத் திமிர் அவர்கிட்டயும் இருந்தது. மிஸ் மார்ப்பிளே கிளாடிஸை மந்தபுத்தின்னுதான் நினைக்கிறார். பாசம் இருக்கு, சமமான மதிப்பு இல்லை.

அவர் வாழ்க்கை இதுக்கு நடுவுல நல்லபடியாவே திரும்பியிருந்தது. 1928-ல விவாகரத்து. தனியா ஓரியன்ட் எக்ஸ்பிரஸ் ஏறி பாக்தாத் போனார். ஊர் என்ற பழைய சுமேரிய நகரத்தைத் தோண்டிக்கிட்டிருந்த இடத்துல, தன்னைவிட 14 வயசு சின்னவரான மேக்ஸ் மேலோவன் என்ற தொல்லியலாளரைச் சந்திச்சார். 1930-ல கல்யாணம். அப்புறம் வருஷா வருஷம் சிரியா, ஈராக்னு கூடாரத்துல வாழ்க்கை. நிம்ரூத் அகழாய்வுல கிடைச்ச 2,000 வருஷத்துக்கும் மேல பழைய தந்தச் சிற்பங்களை, தன் முகத்துக்குப் போடுற கிரீமைத் தொட்டுத் தொட்டு அகதா துடைச்சார். நாவல் எழுதி உலகம் முழுக்கப் பேர் வாங்கினவர், அங்க துடைக்கிற ஆளா உட்கார்ந்து அதையும் ரசிச்சுச் செஞ்சார்.

ரெண்டாம் உலகப்போருக்குப் பிறகு இங்கிலாந்துல வீட்டு வேலைக்கு ஆள் கிடைக்கலை. 1931 கணக்குப்படி சுமார் 13 லட்சம் பெண்கள் அந்த வேலையில இருந்தாங்க. போர்க்காலத்துல ஃபேக்டரிக்கும் ஆபீஸுக்கும் போனவங்க திரும்பி வர விரும்பலை. ஏன் வரணும்? அங்க எட்டு மணி நேர வேலை, சாயங்காலம் விடுதலை. பெரிய வீட்டு அம்மாக்கள் கையைப் பிசைஞ்சுக்கிட்டு நின்னாங்க. இந்த நிலைமையிலதான் அகதாவுக்கு லூசி கிடைச்சா.

'4.50 ஃபிரம் பேடிங்டன்', 1957. கதையைக் கொஞ்சம் நம்ம ஊருக்கு மாத்திச் சொல்றேன். சேலம் போற ரயில்ல ஒரு பாட்டி உட்கார்ந்திருக்கார்னு வெச்சுக்குங்க. மொரப்பூர் தாண்டினதும் பக்கத்து லைன்ல இன்னொரு ரயில் அதே திசையில, அதே வேகத்துல ஒட்டி வருது. ஜன்னலுக்கு ஜன்னல் நேர். அந்தப் பெட்டியில ஒருத்தன் ஒரு பெண்ணோட கழுத்தை நெரிக்கிறதைப் பாட்டி பார்த்துடுறார். அடுத்த நிமிஷம் அந்த ரயில் வேகமெடுத்துப் போயிடுது. டிக்கெட் பரிசோதகர்கிட்ட சொன்னா நம்பலை. போலீஸ் தேடினா ரயில்லயும் தண்டவாளத்துலயும் உடல் இல்லை. வயசானவங்க, கனவு கண்டிருப்பாங்கன்னு ஃபைலை மூடிடுறாங்க.

அந்தப் பாட்டியோட தோழிதான் மிஸ் மார்ப்பிள். ரயில் டைம்டேபிள், மேப் எல்லாம் வெச்சுக் கணக்குப் போட்டு, ஒரு வளைவுல உடலை வெளியே தள்ளியிருக்கணும், கீழே இருக்கிற பெரிய பங்களா வளாகத்துல விழுந்திருக்கணும்னு முடிவுக்கு வர்றார். ஆனா அந்த வீட்டுக்குள்ள எப்படி நுழையறது? யார் நுழைஞ்சா யாரும் ஏன்னு கேட்க மாட்டாங்க?

லூசி ஐல்ஸ்பரோ. 32 வயசு. ஆக்ஸ்ஃபோர்டுல கணக்குல முதல் வகுப்பு. புரொஃபசர் ஆவாங்கன்னு எல்லாரும் நினைச்சப்ப, லூசி மார்க்கெட்டைப் பார்த்தா. நாட்டுல எதுக்குப் பஞ்சம்? நல்லா வீட்டு வேலை செய்ற ஆளுக்கு. அந்த வேலையையே தொழிலா எடுத்துக்கிட்டா. எந்த வீட்டுலயும் நீண்ட நாள் இருக்க மாட்டா, சம்பளம் அவ வெச்சதுதான், அவளுக்காகப் பணக்காரங்க வரிசையில நிக்கிறாங்க. டிமாண்டு - சப்ளை தெரிஞ்ச பொண்ணு!

மிஸ் மார்ப்பிள் கேட்டுக்கிட்டபடி லூசி அந்த பங்களாவுக்கு வேலைக்குப் போறா. காலையில சமையல், பாத்திரம். மதியம் கொஞ்ச நேரம் ஓய்வு கிடைக்கிறப்ப கோல்ஃப் பழகுறேன்னு பந்தை வேணும்னே புதர்ல அடிச்சிட்டு, தேடுற சாக்குல தண்டவாளச் சரிவை அலசுறா. முதல்ல ஒரு பவுடர் டப்பா, முள்ளுல மாட்டின ரோமத் துணுக்கு. அப்புறம் பழைய கொட்டகையில இருந்த ஒரு கல் சவப்பெட்டியை நெம்பித் திறக்கிறா. போலீஸ் இல்லைன்னு சொன்ன உடல் உள்ளே இருக்கு.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது, உடலைக் கண்டுபிடிச்ச பிறகும் ராத்திரிச் சாப்பாட்டை அவதான் சமைச்சாகணும். குடும்பமே பதறுது, ஆனா எல்லாருக்கும் பசிக்கும்ல? அந்த வீட்டு ஆம்பளைங்க ஒவ்வொருத்தரா வந்து சமையலறை வாசல்ல நின்னு லூசிக்கு வேலை கொடுக்கவோ, கல்யாணம் பண்ணிக்கவோ ஆசைப்படுறாங்க. அவ உருளைக்கிழங்கு உரிச்சுக்கிட்டே எல்லாரையும் எடை போடுறா.

ஆனா ஒண்ணைக் கவனிச்சீங்களா? ஆக்னஸுக்கும், கிளாடிஸுக்கும், மெக்கின்ட்டி அம்மாவுக்கும் உண்மை தெரிஞ்சிருந்தது. மூணு பேரும் செத்துட்டாங்க. பிழைச்சு, கேஸையும் கண்டுபிடிக்கிற ஒரே பணிப்பெண்ணுக்கு அகதா ஆக்ஸ்ஃபோர்டு பட்டம் கொடுக்க வேண்டியிருந்தது. அது இல்லாம ஒரு வேலைக்காரப் பெண்ணோட மூளையை வாசகர்கள் நம்ப மாட்டாங்கன்னு நினைச்சாரா, இல்லை அவரே நம்பலையா? லூசியை அவர் வேற எந்த நாவல்லயும் திரும்பக் கூப்பிடவும் இல்லை.

சினிமாக்காரங்க இன்னும் மோசம். 1961-ல இந்தக் கதையை 'மர்டர், ஷி செட்'னு படமா எடுத்தப்ப லூசியையே தூக்கிட்டாங்க. மிஸ் மார்ப்பிளே வேலைக்காரியா அந்த வீட்டுக்குப் போறதா மாத்திட்டாங்க. அந்தப் படத்துல நிஜமான வீட்டு வேலைக்கார அம்மாவா ஒரு சின்ன ரோல்ல நடிச்சவர் ஜோன் ஹிக்ஸன். 1984-ல பிபிசி எடுத்த தொடர்ல மிஸ் மார்ப்பிளா நடிச்சதும் அதே ஜோன் ஹிக்ஸன்தான். இன்னிக்கும் ரசிகர்கள்ல பலருக்கு மார்ப்பிள்னா அவர் முகம்தான்.

1971-ல அகதாவுக்கு டேம் பட்டம் கிடைச்சது. 1976 ஜனவரி 12-ல, 85 வயசுல, வாலிங்ஃபோர்டு ஊர்ல இருந்த வீட்டுல இறந்தார். மறு வருஷம் சுயசரிதை வெளியானது. அதுல சமையல்கார ஜேனுக்கு இடம் இருந்தது, ஹாரோகேட் ஹோட்டலுக்கு இல்லை.

பட்டம் எதுவும் இல்லாத பணிப்பெண் டிடெக்டிவ் ஆகுற கதை ஒண்ணு 1992-ல வந்தது. அமெரிக்காவுல பார்பரா நீலி எழுதின 'பிளாஞ்ச் ஆன் தி லாம்' நாவல். நாயகி பிளாஞ்ச் ஒயிட், நடுத்தர வயசு கறுப்பினப் பெண், வீட்டு வேலைதான் தொழில். தன்னை யாரும் ஒரு ஆளாவே மதிச்சுப் பார்க்கிறதில்லை என்பதையே அவ தன் ஆயுதமா ஆக்கிக்கிறா. அகதா ஜன்னலுக்கு வெளியே இருந்து பார்த்ததை, நீலி சமையலறைக்குள்ள இருந்தே எழுதினார்.

அகதாவை இதுவரைக்கும் படிச்சதே இல்லைன்னா, எல்லாரும் சொல்ற மாதிரி ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்ல ஏறாதீங்க. 'மிஸஸ் மெக்கின்ட்டீஸ் டெட்'ல இருந்து ஆரம்பிங்க. இங்கிலீஷ் எளிமையாத்தான் இருக்கும், பஸ்ல போன்லயே படிச்சிடலாம். அந்த மை பாட்டில் எந்த இடத்துல வருதுன்னு மட்டும் கொஞ்சம் பார்த்துக்குங்க. ரொம்ப சாதாரணமா, கடைக்காரம்மா பேச்சோட பேச்சா வந்துட்டுப் போயிடும்.